அந்த விரிப்பை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

கேள்வி: ஜெய்ப்பூரில் வசிக்கிறோம். 9 வயது மகள், விடுமுறையில் தோழியோடு டோங்க் ஊருக்குப் போனாள். தோழியின் தாத்தா அங்கே நம்தா என்கிற கம்பளி விரிப்பு செய்பவர். திரும்பி வந்ததிலிருந்து படிப்பதே இல்லை. குளியலறையில் சோப்பும் கம்பளியுமாக உட்கார்ந்துவிடுகிறாள். அங்கே அவள் செய்து எடுத்துவந்த சின்ன விரிப்பை, வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். தேடினாள், எங்காவது தொலைத்திருப்பாய் என்றேன். அவளைப் படிப்பில் எப்படித் திருப்புவது?
- வாசகி, ஜெய்ப்பூர்

பதில்: படிப்பு கிடக்கட்டும். அந்த விரிப்பைப் பற்றிப் பேசுவோம்.

அது எப்படி உருவானது என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நம்தாவுக்குத் தறி கிடையாது. சிக்கெடுத்த கம்பளியைத் துணிமேல் அடுக்கடுக்காகப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாய் மாதிரி சுருட்டி, உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பளி இழைமேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது. (வாஷிங் மெஷினில் போட்ட ஸ்வெட்டர் சுருங்கிப்போவதும் இதனால்தான்.) உருட்டி உருட்டி அந்தப் பிள்ளைக்குக் கை கடுத்திருக்கும். பெரியவரும் தன் பிழைப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துத்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார்.

அதை எடுத்துத் தானம் செய்ய நீங்கள் யார்? உங்கள் புடவையைக் கொடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? பெற்றவள் என்பதற்காகப் பிள்ளையின் பொருளெல்லாம் நம்முடையது ஆகிவிடாது. கொடுத்ததைக்கூட விடுங்கள். 'தொலைத்திருப்பாய்' என்று பழியையும் அவள் தலையிலேயே போட்டீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளையை வைத்துச் சோறு போட்டு, தொழிலும் சொல்லிக் கொடுத்த வீடு. அவர்களுக்கு ஒரு போன் செய்ததாகக்கூடக் கடிதத்தில் இல்லை. அப்படிப்பட்ட வீடு எனக்கு உறவுக்குச் சமம்.

இன்று இரவே மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். வேலைக்கு வரும் பெண்ணிடம் திருப்பிக் கேட்காதீர்கள். கொடுத்ததைப் பிடுங்குவது இன்னொரு அசிங்கம்.

படிப்புக்கும் கம்பளிக்கும் பகை ஒன்றுமில்லை. அதே டோங்க் மாவட்டத்து அவிகாநகரில், செம்மறி ஆட்டையும் கம்பளியையும் ஆராய்வதற்கென்றே 1962 முதல் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களும் படித்தவர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு டோங்க் போங்கள், சுமார் 100 கிலோமீட்டர்தான். வெறுங்கையோடு போகாதீர்கள். நடந்ததைப் பெரியவரிடம் நீங்களே சொல்லி, இன்னொன்று செய்ய அவளுக்கு இடம் கொடுப்பாரா என்று கேளுங்கள். கணக்குப் பாடத்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.