வலையில் படர்ந்த கடல் பீச்சியைச் சுரண்டிக் கடலில் தள்ளலாமா?

நிபோங் திபால் தோட்டப்புற வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மைத்துனரும் நானும் கடலோரத்தில் சியாக்காப் மீன் கூண்டு போட்டிருக்கிறோம். வலையெங்கும் கட்டிப்பால் உறைந்ததுபோல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. அழுத்தினால் தண்ணீர் பீச்சுகிறது. சுரண்டிக் கடலிலேயே தள்ளிவிடலாமா? லங்காவியில் பழைய வலை மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?"

தயவுசெய்து கடலில் தள்ளாதீர்கள். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் அசிடியன் என்னும் உயிரினமாக இருக்கும். தண்ணீரைப் பீச்சுவதால் அதைக் கடல் பீச்சி என்றே அழைப்போம். இளம்பருவத்தில் தலைப்பிரட்டையைப் போல நீந்தும் இதன் வாலில், நம் முதுகெலும்புக்கு முன்னோடியான முதுகுநாண் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பெரும்பாலான வகைகளில் அந்த நீச்சல் ஓரிரு நாளுக்குள் முடிந்துவிடும். பிறகு கிடைத்த பரப்பில் ஒட்டிக்கொண்டு, நீரை வடிகட்டி உண்டு, அங்கேயே வாழ்ந்து முடிக்கும். அவ்வளவு குறுகிய நீச்சலில் பெருங்கடலைத் தாண்ட இயலாது என்பதால், கப்பலின் அடிப்பாகம், படகு, கயிறு, வலை என மனிதர் கொண்டுசெல்லும் பொருள்களில் ஒட்டிக்கொண்டுதான் இது தொலைதூரம் பரவுகிறது. வடமேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த ஸ்டைலா கிளாவா என்னும் கடல் பீச்சி வகை 1953இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் கண்டறியப்பட்டது. பின்னாளில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சிப்பி வளர்ப்போரைப் பெரிதும் வாட்டியது.

பல சிற்றுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரிப்பாகப் படரும் கூட்டுயிர் வகைகளில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் அறுந்து விழும் துண்டுகூட வேறிடத்தில் ஒட்டிப் புதிய கூட்டமாக வளரக்கூடும். வேல்ஸின் ஹோலிஹெட் படகுத்துறையில் 2008இல் டிடெம்னம் வெக்ஸில்லம் என்னும் அத்தகைய வகை காணப்பட்டபோது, மிதவைகளைப் பிளாஸ்டிக் உறைகளால் மூடி அதை ஒழிக்க முயன்றார்கள். அது மீண்டும் தலைகாட்டியது. நீங்கள் சுரண்டித் தள்ளுவது விதைப்பதற்குச் சமமாகிவிடலாம்.

இது மீனைக் கடிக்காது. ஆனால் வலைக்கண்களை அடைத்து நீரோட்டத்தைக் குறைப்பதால், கூண்டுக்குள் பிராணவாயு குறையும். வலையின் கனமும் ஏறும். ஆகவே மாற்று வலை போட்டுவிட்டு, அழுக்கு வலையைக் கரைக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுவதும் நன்னீரில் ஊறவையுங்கள். பின்பு மடிப்புகளின் உட்புறமும் மொறமொறப்பாகும்வரை வெயிலில் காயவிடுங்கள். மழைக்காலமானால் கூடுதல் நாள்கள் பொறுத்திருக்க வேண்டும். உதிரும் கழிவைக் கடலுக்கோ ஓடைக்கோ போகாத இடத்தில் புதையுங்கள். மீன் இருக்கும் கூண்டருகே குளோரின் ஊற்றுவது மீனையே கொன்றுவிடும்.

லங்காவி வலையை வாங்குவதில் தவறில்லை, ஈரத்தோடு வாங்குவதில்தான் தவறு. அங்கேயே நன்கு காய்ந்த வலையாக இருந்தாலும், உங்கள் கூண்டில் இறக்குமுன் மேலே சொன்ன முறையில் மறுபடியும் ஊறவைத்துக் காயவையுங்கள்.

இது அயல் வகையா, நம் கடலுக்கே உரியதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வலையை நன்னீரில் ஊறவைக்குமுன் படம் எடுத்து, ஒரு துண்டைக் கடல்நீரோடு புட்டியில் அடைத்துப் பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.