வெளியே போகிற நாளில் மட்டும் மாத்திரை போடாத அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனமாகி, மூச்சுத் திணறலும் கால் வீக்கமுமாக ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். எக்கோவில் (இதய ஸ்கேனில்) 35 சதவீதம் என்று வந்திருக்கிறது. "அப்பாகிட்ட சொல்லாதே, பயந்துடுவார்" என்கிறார் சென்னையில் இருக்கும் அண்ணன். அப்பா இன்னும் வாயுத் தொல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். வெளியே கிளம்புகிற நாளில் மாத்திரை போடமாட்டார், கேட்டால் போட்டுட்டேன் என்று பொய். டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்டதற்கு "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" என்று எரிந்து விழுந்தார். அப்பாவை எப்படிச் சொன்னபடி கேட்கவைப்பது?
- ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: சொன்னபடி கேட்க அவர் என்ன எல்கேஜி பிள்ளையா, சகோதரி?

"வெளியே கிளம்புகிற நாளில்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்று, நீர் பிரிகிற மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும், அப்புறம் நான்கைந்து மணி நேரத்துக்கு ஆளை பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக நடக்க விடும். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் நின்றவர், எந்த ஸ்டாண்டில் கழிப்பறை எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? வழியில் வேட்டி நனைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம், அதை மகளிடம் சொல்ல அதைவிடக் கூச்சம், அதனால்தான் பொய் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நர்ஸாக இருந்த வார்டில் ஒரு பெரியவர், மற்ற மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இந்த ஒன்றை மட்டும் தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருந்தார். பாத்ரூம் வார்டின் அந்தக் கோடியில், ராத்திரி துணைக்கு எழுப்ப ஆளில்லை. நாங்கள் எல்லோரும் திட்டினோம், ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "பஸ்ஸுல போறப்ப அவஸ்தையா இருக்காப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால், வெளியே போகிற அன்றைக்கு வீட்டுக்கு வந்து மத்தியானம் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம், பலருக்கு நேரத்தை மாற்றிக் கொடுப்பார்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

அண்ணன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாயுத் தொல்லை என்று நம்புகிற மனிதர் எதற்காக உப்பைக் குறைப்பார்? மோர் மிளகாயை எதற்காக ஒதுக்குவார்? அந்த 35-ஐப் பரீட்சை மார்க் மாதிரி நூற்றுக்கு என்று எண்ணி நீங்கள் இரண்டு பேரும் பயந்திருக்கிறீர்கள். நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் இருக்கிற ரத்தத்தில் 50-லிருந்து 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். அவருடையது 35 தள்ளுகிறது, அதனால் தண்ணீர் உடம்பில் தேங்குகிறது, மாத்திரை அதை இறக்குகிறது. இதை இப்படியே அவரிடம் சொன்னால் போதும். டாக்டர் வாயால் கேட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் அவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதின கை அது, உங்களைவிட ஒழுங்காக எழுதும். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபிறகு, காபிக்கு முன்னால், எடை பார்த்து எழுத வேண்டும், தினமும். ஒரு லிட்டர் தண்ணீர் தேங்கினால் ஒரு கிலோ கூடும், கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நோட்டில் தெரிந்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் மூச்சுத் திணறட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் போடுங்கள். அவர் எழுதுவதை நீங்கள் வாங்கித் திருத்த வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். எல்லாம் என்றால் எல்லாமும்தான். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சும்மா வாங்குகிற வலி மாத்திரை உட்பட, ஏனென்றால் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் உடம்பில் தண்ணீரைத் தேக்கிவைக்கும், இரண்டாம் முறை அட்மிட் ஆனதற்கே அதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல திட்டம். அதையும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் விழுங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையில் பெரிதாக இருக்கிற பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டாக்டர் எரிந்து விழுந்தது தப்புதான், வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருந்தாலும் தப்புதான். ஆனால் அவரோடு மல்லுக்கு நிற்பதில் அப்பாவுக்கு லாபமில்லை. மூன்றே கேள்வி, ஒரு சீட்டில், அப்பா கையில். அவர் கேட்கட்டும். நோயாளியே வாயைத் திறந்தால் டாக்டர்களின் குரல் தணிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுந்திருக்கும் முன், "இது காலையில, இது ராத்திரி, எடை ஏறினா போன், சரிதானே டாக்டர்?" என்று அவர் ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும், தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படியும் கத்தினால் வேறு டாக்டரைப் பாருங்கள். புது டாக்டரிடம் காட்ட, ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே மருத்துவக் கவுன்சில் விதி போட்டிருக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

எடை மெஷின் செலவை அண்ணன் தலையில் கட்டுங்கள். ஆன்லைனில் அனுப்பச் சொல்லாதீர்கள், அப்பாவைக் கடைக்கே கூட்டிப்போய் நிற்க வைத்து, கண்ணாடி இல்லாமல் நம்பர் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அன்றைக்கு நீர் மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.