ட்ரம்பின் முதல் ஆட்சிக்கால வெளியுறவுக் கொள்கையில் மிக மோசமான முடிவு எது?

கேள்வி கேட்டவர் வட கொரியா, சீன வரிப்போர், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று நான்கைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். ஈரான்தான், சந்தேகமே இல்லை. மற்ற மூன்றும் முன்னால் இருந்தவர்கள் தீர்க்காமல் விட்டுப்போன சிக்கல்கள். ஈரான் விஷயத்தில் அணு ஒப்பந்தம் என்ற ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மாற்றாகக் கையில் எதுவும் இல்லாமலே அதைக் கலைத்தார்.

நான் திருவொற்றியூர்க்காரன். பிழைப்பு மணலியில். அங்கே இருக்கும் ஆலைகள் ஷட்டவுன் எடுக்கும்போது பைப், வால்வு வேலை செய்யும் காண்ட்ராக்ட் குழு ஒன்றில் சூப்பர்வைசர். சர்வதேச அரசியல் படித்தவன் இல்லை. ஆனால் மணலியில் வேலை பார்ப்பவனுக்கு ஈரான் வெறும் பேப்பர் செய்தி இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

பெரியவர்கள் இன்னமும் 'எம்.ஆர்.எல்.' என்றே சொல்லும் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965 டிசம்பரில் தொடங்கப்பட்டபோது அதற்குப் பங்குதாரர்கள் மூன்று பேர். இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோ கம்பெனிக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு 1969இல் ஆலை ஓடத் தொடங்கியது. பக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் கதையும் இதேதான். 1966இல் இந்திய அரசும் அமோகோவும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். 1972இல் அமோகோ தன் பங்கில் பாதியை ஈரானுக்குக் கொடுத்தது. ஆக, அமெரிக்கக் கம்பெனியும் ஈரான் அரசுக் கம்பெனியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடம் மணலி. 1979இல் ஈரானில் புரட்சி வந்தது, ஷா ஓடினார், அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள் பிடிபட்டார்கள். மணலியில் ஈரானின் பங்கு அப்படியேதான் இருந்தது. 1985இல் வெளியே போனது அமோகோதான். ரிஃபைனரி இப்போது இந்தியன் ஆயிலின் கீழ் சென்னை பெட்ரோலியம் ஆகிவிட்டது. அதில் 15.4 சதவீதம், உரத் தொழிற்சாலையில் 25.77 சதவீதம் ஈரானின் நஃப்திரான் நிறுவனத்தின் பேரில் இருக்கிறது.

இனி ட்ரம்ப் செய்தது என்ன என்று பார்ப்போம். 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானோடு முடிவான அணு ஒப்பந்தத்தில் அமெரிக்காவோடு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா, சீனா எல்லாரும் இருந்தார்கள். ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் அதை 2231ஆம் தீர்மானமாக ஏற்றது. யுரேனியத்தைச் செறிவூட்டும், அதாவது அதில் எரிபொருளுக்கும் குண்டுக்கும் உதவும் பகுதியைக் கூட்டும் இயந்திரங்களான சென்ட்ரிஃபியூஜ்கள் சுமார் 19,000 வைத்திருந்த ஈரான் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கைக் கழற்றி வைத்தது. சேர்த்து வைத்திருந்த செறிவூட்டிய யுரேனியத்தில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி ரஷ்யாவுக்கு அனுப்பியது. அராக் அணு உலையின் நடுப்பகுதியில் கான்கிரீட்டை ஊற்றி மூடியது. செறிவூட்டல் 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குண்டு செய்ய 90 சதவீத அளவு வேண்டும். இதையெல்லாம் ஈரான் ஒழுங்காகச் செய்கிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை அறிக்கைமேல் அறிக்கையாகச் சொன்னது. முகமையை விடுங்கள். ட்ரம்ப் அரசே 2017 ஏப்ரலிலும் ஜூலையிலும் அமெரிக்க காங்கிரசுக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தது.

அப்புறம் 2018 மே 8 அன்று ட்ரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார், நீக்கியிருந்த தடைகளை மறுபடி போடுவதாக அறிவித்தார்.

ஒப்பந்தத்தில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏவுகணைகள் அதற்குள் வரவில்லை. ஹிஸ்புல்லா, ஹூத்தி போன்ற ஆயுதக் குழுக்களுக்குத் தெஹ்ரான் கொடுக்கும் பணமும் வரவில்லை. முக்கியக் கட்டுப்பாடுகள் பத்து, பதினைந்து வருடங்களில் காலாவதியாகும்படி இருந்தன. ட்ரம்ப் ஆதரவாளர்கள் இந்த மூன்றையும் எப்போதும் சொல்வார்கள், மூன்றும் உண்மைதான். ஆனால் குறை இருக்கிற ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதலாகக் கேட்கலாம். கிழித்துப் போட்ட பிறகு எதை வைத்துக் கேட்பது? வெளியேறி இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் வெளியுறவு அமைச்சர் மைக் பாம்பியோ 12 கோரிக்கைகளை அடுக்கினார். செறிவூட்டலையே நிறுத்து, சிரியாவைவிட்டு வெளியேறு, ஹிஸ்புல்லாவைக் கைவிடு என்று போகிறது அந்தப் பட்டியல். போரில் தோற்றுச் சரணடைந்த நாட்டிடம் நீட்ட வேண்டிய தாள் அது. ஈரான் எங்கே தோற்றிருந்தது? பாதுகாப்பு ஆலோசகராக இருந்த ஜான் போல்டனுக்கு ஆட்சி மாற்றம் வேண்டும், ட்ரம்புக்குத் தன் பெயரில் புது ஒப்பந்தம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கொள்கை என்றால், எதற்குப் பணிந்தால் தடை நீங்கும் என்று எதிராளிக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கொள்கை வேலை செய்த முறையைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அது எங்கள் பக்கம்தான் வந்து விழுந்தது. அமெரிக்கா ஈரான் எண்ணெயை வாங்குவதில்லை, பல காலமாகவே. அதனால் அது ஈரானுக்கு நேரடியாகப் போடும் தடைக்குப் பெரிய வலு கிடையாது. வலு இருப்பது இரண்டாம் நிலைத் தடையில். எனக்கும் அவனுக்கும் தகராறு, அவன் கடையில் நீ சாமான் வாங்கினால் என் கடைக்கும் வராதே, என் சீட்டுக்காரனிடம் சீட்டும் கட்டாதே என்று தெருவுக்கே சொல்வதுபோல. டாலரும், நியூயார்க் வங்கிகளும், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் கொடுக்கும் பெரிய ரீ-இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒரு நாட்டின் பிடியில் இருந்தால் ராணுவம் தேவையில்லை.

2018 ஆகஸ்டில் வந்த செய்தி இது: சென்னை பெட்ரோலியம் அந்த அக்டோபரிலிருந்து ஈரான் கச்சா எண்ணெயைச் சுத்திகரிப்பதை நிறுத்தப் போகிறது. காரணம், ஆண்டு காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ஈரான் எண்ணெய் உள்ளே ஓடினால் ஆலைக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது. 15.4 சதவீதம் தனக்குச் சொந்தமான ஆலைக்குள் ஈரானின் எண்ணெய் நுழைய முடியவில்லை. இந்திய அரசோ நீதிமன்றமோ அதைத் தடுக்கவில்லை, ஐ.நா.வும் தடுக்கவில்லை. பாலிசித் தாள் தடுத்தது.

நியாயமாகச் சொன்னால், இந்த ஆயுதம் ட்ரம்ப் கண்டுபிடித்தது இல்லை. 2012, 2013இல் ஒபாமா காலத்திலும் இதே இன்சூரன்ஸ் சிக்கல் இந்திய ரிஃபைனரிகளை உலுக்கியது. வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்கு ஐரோப்பா அமெரிக்காவோடு நின்றது, என்ன செய்தால் தடை தளரும் என்பது ஈரானுக்கும் தெரிந்திருந்தது. 2013 நவம்பரில் ஜெனீவாவில் இடைக்கால உடன்பாடு வந்தது, இரண்டே வருடத்தில் வியன்னா. கொடுத்த வலிக்கு ஒரு ரசீது இருந்தது.

ஆலையில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம், "ஏண்ணா, ஈரான் க்ரூடு நின்னுபோனா ஆலைக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டேன். "இன்னா நஷ்டம் தம்பி, ஈராக்லர்ந்து வரும், சவூதிலர்ந்து வரும். க்ரூடு மாறினா ஹீட்டர் சூடு, டவர் செட்டிங் எல்லாம் மாத்தணும், அவ்ளோதான். அது நாங்க தெனம் பண்ற வேலை. நஷ்டம் மேல ஆபீஸ்ல. ஈரான்காரன் ரெண்டு மாசம் கடன் குடுப்பான். மத்தவன் குடுப்பானா?" என்றார். கச்சிதமான பதில். ஈரான் 60 நாள் கடன் கொடுத்தது, கப்பல் வாடகையில் சலுகை கொடுத்தது, ரூபாயில் பணம் வாங்கிக்கொண்டது. அந்த ரூபாய் இந்திய வங்கியில் கிடக்கும், அதை வைத்து அவர்கள் நம்மிடம் பாஸ்மதி அரிசியும் தேயிலையும் வாங்குவார்கள். எண்ணெய் நின்றதும் அந்தக் கணக்கு வற்றியது, அரிசி ஏற்றுமதியாளர்கள் கையைப் பிசைந்தார்கள்.

இன்னொரு பக்கம், காசிமேட்டில் போட் வைத்திருப்பவர்கள் சிலர் டீசல் விலை ஏறியதற்கும் ட்ரம்ப்தான் காரணம் என்பார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 மே மாதம் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைதட்டிக் கிடந்தபோது டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கலால் வரியை ஏற்றியது டெல்லி. அதற்கு வாஷிங்டனைத் திட்டிப் பயனில்லை.

டெல்லியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ட்ரம்ப் வெளியேறி மூன்று வாரத்துக்குள் நம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், இந்தியா ஐ.நா. தடைகளை மட்டுமே பின்பற்றும், தனி நாடு விதிக்கும் தடைகளை அல்ல என்றார். கேட்க நன்றாக இருந்தது. நவம்பரில் அமெரிக்கா எட்டு நாடுகளுக்கு 180 நாள் விலக்குக் கொடுத்தது, அதில் இந்தியாவும் ஒன்று. 2019 மே 2 அன்று விலக்கு முடிந்தது, இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதும் அத்தோடு நின்றது. அதற்கு முந்தைய நிதியாண்டில் 2.3 கோடி டன்னுக்கு மேல் வாங்கிய நாடு, அப்படியே பூஜ்ஜியம். சீனா சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டே இருந்தது. இந்தத் தடையின் முழு எடையும் சட்டத்துக்குப் பயந்த நண்பர்கள் தலையில் விழுந்தது, போட்டியாளருக்கு மலிவு எண்ணெய் கிடைத்தது. அமெரிக்காவின் சொந்த நலன் என்ற அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் இது எனக்கு விளங்காத கணக்கு.

விளைவு என்ன? ஒரு வருடம் ஈரான் பொறுத்தது, ஐரோப்பியர்கள் ஏதாவது செய்வார்கள் என்று. அவர்கள் இன்ஸ்டெக்ஸ் என்ற பெயரில் டாலரைத் தொடாத ஒரு வழியை 2019 ஜனவரியில் திறந்தார்கள். 2020 மார்ச்சில் மருத்துவப் பொருட்களுக்காக ஒரே ஒரு பரிவர்த்தனை நடந்தது. கடைசியில் 2023இல் கடையை மூடினார்கள். 2019 ஜூலையில் ஈரான் யுரேனிய வரம்பைத் தாண்டியது. 2020 நவம்பரில் கையிருப்பு ஒப்பந்த வரம்பைப் போல 12 மடங்கு. 2021 ஜனவரியில், ட்ரம்ப் இறங்குவதற்குச் சில நாள் முன்பு, செறிவூட்டல் 20 சதவீதம் ஆனது. அந்த ஏப்ரலில் 60. குண்டு கிடைக்கக்கூடாது என்று தொடங்கியவர்கள் எந்தத் திசையில் போனார்கள் என்பதற்கு இந்த எண்கள் போதும்.

வளைகுடாவிலும் அமைதி வரவில்லை. 2019 ஜூன் 13 அன்று ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபே ட்ரம்பின் தூது சுமந்து தெஹ்ரானில் இருந்தபோதே ஓமான் வளைகுடாவில் இரண்டு டேங்கர்கள் தாக்கப்பட்டன, அதில் ஒன்று ஜப்பானியருடையது. செப்டம்பரில் சவூதியின் அப்கைக் எண்ணெய் நிலையம் தாக்குதலில் பற்றி எரிந்தது. 2020 ஜனவரி 3 அன்று பாக்தாத் விமான நிலையம் அருகே ஈரான் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றது. ஐந்து நாள் கழித்து ஈரான் ஏவுகணை வீசிப் பழிவாங்கியது, அதே பதற்றத்தில் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தையும் தானே சுட்டு வீழ்த்தியது. செத்தவர்கள் 176 பேர். அதற்குப் பொறுப்பு ஈரான் ராணுவம், அதில் சாக்குப்போக்கு வேண்டாம். ஆனால் 2017இல் யாரும் அந்த வானத்தில் ஏவுகணைக்குப் பயந்து ரேடாரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாதாரண ஈரானியர் பாடு தனிக்கதை. மருந்துக்குத் தடை இல்லை என்று சட்டம் சொன்னது. பணம் அனுப்ப எந்த வங்கியும் துணியவில்லை. புற்றுநோய், வலிப்பு மருந்துகள் கிடைக்காமல் மக்கள் படும் பாட்டை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2019 அக்டோபரில் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. ஆட்சியாளர்களின் பிள்ளைகளுக்கு மருந்து கிடைக்காமல் போனதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இதில் அமெரிக்கா எவ்வளவு தனியாகிப் போனது என்பதற்கு ஒரு வாக்கெடுப்பைச் சொன்னால் போதும். 2020 ஆகஸ்டில், ஈரான் மீதான ஆயுதத் தடையை நீட்டிக்கக் கோரி பாதுகாப்புக் கவுன்சிலில் அமெரிக்கா தீர்மானம் கொண்டுவந்தது. 15 பேரில் அமெரிக்காவைத் தவிர ஆதரவாக வாக்களித்தது டொமினிகன் குடியரசு மட்டும். ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்தன. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உட்பட 11 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

"பைடன் வந்து சரிசெய்திருக்கலாமே, அவரை ஏன் திட்டவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. திட்டலாம். பதவியேற்றதுமே ஒப்பந்தத்துக்குத் திரும்பாமல் மாதக்கணக்கில் இழுத்தார், அதற்குள் தெஹ்ரானில் கடும்போக்காளர் இப்ராஹிம் ரைசி அதிபராகிவிட்டார். ஆனால் அடுத்த அமெரிக்க அதிபர் இதையும் கிழிக்க மாட்டார் என்று ஈரான் எதை நம்பிக் கையெழுத்துப் போடும்? 2018க்குப் பிறகு அந்தக் கேள்விக்கு எந்த அமெரிக்க அதிபரிடமும் பதில் இல்லை. 2025 ஜூனில், மறுபடி அதிபரான அதே ட்ரம்ப், ஈரானின் செறிவூட்டல் ஆலைகள் இருக்கும் ஃபோர்டோவிலும் நத்தான்ஸிலும் குண்டு போட வேண்டி வந்தது. ஒப்பந்தம் இருந்த நாட்களில் அந்த இரண்டு இடங்களிலும் முகமையின் ஆய்வாளர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது, அதுவும் அவர் மேசையிலேயே. 2018 ஏப்ரல் 24 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் வாஷிங்டன் வந்து, பழைய ஒப்பந்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஏவுகணை, சிரியா, காலாவதித் தேதி மூன்றுக்கும் கூடுதலாகப் பேசலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தார். மூன்று நாள் கழித்து ஜெர்மனியின் மெர்கெலும் வந்து வெளியேறாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மெர்கெல் வந்துபோன பதினோரு நாளில் ட்ரம்ப் வெளியேறும் ஆணையில் கையெழுத்துப் போட்டார்.