அத்தி இலை வாசம்: வாசகர் கேள்விகள்

கோபி வாசகர்: வீட்டில் சீமை அத்தி நல்லாத் தழைச்சிருக்குதுங்க. இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து அத்தர் மாதிரி பூசிக்கலாமுங்களா?

தயவுசெய்து வேண்டாம். அந்த இலையிலும், கிள்ளினால் காம்பில் கசியும் வெள்ளைப் பாலிலும் சோராலென், பெர்காப்டென் என்ற பொருட்கள் உண்டு. தோலில் இவை பட்டு, மேலே வெயிலும் பட்டால் தோல் வெந்து சிவக்கும், கொப்புளம் கிளம்பும். ஆறிய பிறகும் கருமை மாதக்கணக்கில் போகாது. எண்ணெயில் ஊறினாலும் அந்தக் குணம் மாறாது. வாசனைத் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா, அத்தி இலையின் அப்சல்யூட்டை, அதாவது இலையிலிருந்து எடுக்கும் செறிந்த வாசனைச் சாற்றை, சென்டில் சேர்க்கவே தடை விதித்திருக்கிறது. மரத்தைக் கவாத்து செய்யும்போதும் முழுக்கைச் சட்டை, கையுறை போடுங்கள். பால் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி வாசகி: அத்தி இலை சென்ட் என்று வாங்கினேன், தேங்காய் வாசம் அடிக்குது. ஏமாத்திட்டாங்களா?

இல்லைங்க. இலையையே சேர்க்க முடியாததால் அந்த வாசத்தை வேறு வாசனைப் பொருட்களைக் கொண்டு கட்டித்தான் எழுப்ப வேண்டும். பச்சைக் கசப்புக்கு ஸ்டீமோன், அறுத்த புல்லின் வாடைக்கு சிஸ்-3-ஹெக்ஸெனால், மரப்பட்டை வாசத்துக்கு சீடர் (cedar) மர வாசனை. பால் வாசத்துக்குச் சேர்ப்பது காமா-ஆக்டாலாக்டோன், காமா-நோனாலாக்டோன். உங்களுக்குத் தேங்காயாகத் தெரிவது இவைதான். தோப்புக்கு நடுவே வாழும் மூக்கு அதைத்தானே முதலில் பிடிக்கும்! 1994-இல் வந்த 'பிரெமியே ஃபிகியே', 1996-இல் வந்த 'ஃபிலோசிகோஸ்' ஆகிய சென்ட்கள் இரண்டும் இந்த வாசத்துக்குப் பேர்போனவை. இரண்டையும் செய்தவர் ஒலிவியா ஜியாகொபெத்தி என்ற பிரெஞ்சுப் பெண்மணி. என்னைக் கேட்டால், கசப்பும் பாலும் சேர்ந்தே வர வேண்டும். அடித்த உடனேயே தேங்காய் மட்டும்தான் என்றால் அது மட்டமான கலவை.

திருப்பூர் வாசகர்: ஆற்றோரத்து அத்தியும் இதே வாசம் தருமா?

தராது. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி வேறு இனம். அதன் இலை முழுசாக, வழவழப்பாக இருக்கும். சீமை அத்தியின் இலை சொரசொரப்பு, விரல் விரித்த கைபோல் பிளந்திருக்கும். சென்டில் பேசப்படுவது மத்தியதரைக் கடல் நாடுகளின் இந்தச் சீமை அத்திதான்.

ஈரோடு வாசகர்: சித்திரை வெயிலில் இந்த சென்ட் வாசம் தாங்குமா?

பச்சை வாசம் சீக்கிரம் பறந்துவிடும். பாலும் மரமும்தான் நிற்கும். பருத்திச் சட்டையில் அடித்தால் தோலைவிட அதிக நேரம் இருக்கும். வெள்ளை வேட்டியானால் மடிப்பின் உள்பக்கம் ஒருமுறை அடித்து, கறை விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.