டேப் இல்லாத மூட்டும் மூன்று நாள் பெயின்டும்

கேள்வி: ஹாலின் நடுவே 12 அடி நீளம், 9 அடி உயரத்துக்கு ஜிப்சம் போர்டு தடுப்பு வைக்கிறோம். "போர்டுகள் சேரும் மூட்டுக்கு டேப் எதற்கு, வால் பட்டி இழுத்தாலே போதும். மூன்றே நாளில் பெயின்டும் அடித்துவிடலாம்" என்கிறார் வேலை எடுத்தவர். நம்பலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: வேண்டாம். வால் பட்டி எனும் வெள்ளை சிமென்ட் பட்டி, பூசிய சுவரை வழவழப்பாக்க வந்த சரக்கு. காய்ந்தால் கெட்டி, வளைந்துகொடுக்காது. தடுப்போ கதவை அறைந்து சாத்தினாலே அதிரும். சில மாதங்களில் ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை விரிசல் ஓடும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அது திரும்ப வரும்.

மூட்டைப் பிடித்து நிறுத்துவது பேப்பர் டேப். மூட்டை நிரப்பும் குழைவான ஜாயின்டிங் காம்பவுண்டை முதலில் இழுத்து, ஈரம் இருக்கும்போதே டேப்பைப் பதித்து, அடியில் காற்று நிற்காமல் பட்டித் தகட்டால் அழுத்த வேண்டும். அதன்மேல் இரண்டு கோட். ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக, கடைசி கோட் சுமார் ஓரடி. இரண்டு பக்கமும் மூலைகளும் சேர்த்து உங்களுக்குச் சுமார் 120 அடி டேப் போதும். 75 மீட்டர் ரோலில் பாதிகூட ஆகாது. இதிலா மிச்சம் பிடிப்பது?

6 அடிக்கு 4 அடி போர்டில் நீளவாட்டு ஓரம் மட்டுமே சரிவாக வரும். டேப் உட்காரும் பள்ளம் அதுதான். உங்கள் உயரம் 9 அடி என்பதால் போர்டுக்கு மேல் 3 அடித் துண்டு வைத்தாக வேண்டும், அந்தக் குறுக்கு மூட்டில் பள்ளம் இருக்காது. அங்கே ஓரத்தைக் கத்தியால் சரிவாகச் சீவி, காம்பவுண்டை இன்னும் அகலமாக இழுக்கச் சொல்லுங்கள். குறுக்கு மூட்டுகள் ஒரே கோட்டில் வராமல், ஒரு போர்டு கீழே, அடுத்தது மேலே என மாற்றி வைப்பது நல்லது.

மூன்று நாள் கணக்கு கீழ்நாட்டு வெயிலுக்கே இறுக்கம். அங்கே ஒரு கோட் காய ஒரு நாள் என்றால், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் குன்னூரில் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். ஹீட்டரை நெருக்கமாக வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ஈரம் பின்னால் சுருங்கி வெடிக்கும். தண்ணீரில் குழைத்துச் சீக்கிரம் இறுகும் பவுடர் வகைக் காம்பவுண்டிலும் ஏமாற வேண்டாம்: இறுகுவது வேறு, காய்வது வேறு. கருத்த ஈரத்திட்டு போய் மூட்டு முழுக்க ஒரே வெள்ளையான பிறகே உப்புத்தாள், தூசி துடைத்துப் பிரைமர்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன், இரவில் விளக்கை அணைத்து டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு, பள்ளம், ஸ்க்ரூ தலை எல்லாம் நிழலாகத் தெரியும். இதைப் பிரைமர் காய்ந்ததும், பெயின்டுக்கு முன் செய்யுங்கள்.