ஆவணி முதல் தை வரை ஐந்து விசேஷம்: பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. எனக்குக் கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய், மனைவிக்குத் தையலில் சராசரியாக 15,000. வீட்டுக்கடன், வண்டிக்கடன், பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், வீட்டுச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் 64,000 போய்விடும். டெபாசிட்டில் 2,40,000 இருக்கிறது, 14 பவுன் நகை இருக்கிறது, தீபாவளிக்கு 50,000 போனஸ் வரும். ஆவணியில் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து, நான்தான் தாய்மாமன். ஐப்பசியில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதே மாதம் தீபாவளி. மார்கழியில் மகன் கன்னிசாமியாக, முதல்முறை மாலை போட்டு, சபரிமலைக்குப் போகிறான். தையில் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். சீருக்கு 1,60,000, அறுபதாம் கல்யாணத்துக்கு 2,20,000, தீபாவளிக்கு 45,000, கன்னி பூஜைக்கும் யாத்திரைக்கும் 40,000, கொழுந்தியா கல்யாணத்துக்கு 1,35,000 என்று போட்டால் 6 லட்சம் ஆகிறது. டெபாசிட்டிலிருந்து 2 லட்சம் எடுத்து, மீதி 4 லட்சத்துக்கு 14 சதவீத வட்டியில் நான்கு வருட பர்சனல் லோன் வாங்கலாமா? வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் பத்திரிகையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அண்ணன் பணம் கேட்டால் தருவார், கேட்கத்தான் கூச்சம்.

பதில்: வேண்டாம். அந்த லோனுக்கு மாதத் தவணை சுமார் 10,930 ரூபாய். உங்கள் கையில் மாதம் மிஞ்சுவது 13,000. தவணை போக மீதி 2,070 ரூபாயில் நான்கு வருடம் ஓட்ட வேண்டும். வட்டி மட்டும் ஏறக்குறைய 1,24,650. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு இன்னும் 9,440. மகன் மறுபடி மலைக்குப் போனாலும் சரி, தங்கைக்கு அடுத்த குழந்தை பிறந்தாலும் சரி, அப்போது செய்ய உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. வயிறு கலங்குவது நியாயமானதுதான்.

உங்கள் பட்டியலில் மூன்று வகைச் செலவு கலந்து கிடக்கிறது. ஒன்று முறை: தாய்மாமன் சீர், மூத்த மாப்பிள்ளை செய்ய வேண்டியது. இன்னொன்று பக்தி: ஹோமம், இருமுடி. மூன்றாவது, நாலு பேர் பார்க்கச் செய்வது. முதல் இரண்டுக்கும் ஆகும் பணம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 6 லட்சத்தில் பெரும்பகுதி மூன்றாவதில்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் யாருடைய சந்தோஷமும் குறையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, மனைவி எல்லோரையும் உட்கார வைத்து, நோட்டைத் திறந்து இதைப் பேசிவிடுங்கள். நீங்கள் மட்டும் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதுதான் பாதி பாரம்.

பெரிய தொகையிலிருந்து தொடங்குவோம். திருக்கடையூரில் காசு கரைவது ஹோமத்தில் இல்லை, அறையிலும் வண்டியிலும்தான். 120 பேரைக் கூட்டிப்போனால், மூன்று பேருக்கு ஓர் அறை வீதம் 40 அறை. வாடகை 1,500 என்றே வைத்தாலும் இரண்டு இரவுக்கு 1,20,000. நெருங்கிய சொந்தம் 45 பேர், ஓர் இரவு என்றால் 15 அறை, 22,500. இதிலேயே 97,500 மிச்சம். வராத உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஊர் திரும்பியபின் வீட்டிலேயே ஒரு மதியச் சாப்பாடு போடுங்கள். 75 இலை, இலை 200 ரூபாய் என்றால் 15,000. இரண்டு பஸ் ஒன்றாகும்போது இன்னொரு 25,000 குறையும். ஆக 2,20,000 என்பது 1,12,500-ஆக இறங்கும். அண்ணனோடு பாதிப்பாதி என்றால் உங்கள் பங்குக்குச் சில்லறைச் செலவும் சேர்த்து 60,000 போதும்.

அண்ணனிடம் கேட்பதில் கூச்சம் எதற்கு? அவருக்கும் அப்பாதானே. சொல்லாமல் நீங்களே எல்லாம் செய்துவிட்டால் நாளைக்கு அவருக்குத்தான் மனத்தாங்கல் வரும். "மொத்தம் இவ்வளவு ஆகும், பஸ்ஸும் சாப்பாடும் உன் பொறுப்பு, ரூமும் ஹோமமும் என் பொறுப்பு" என்று வேலையைப் பிரித்துச் சொன்னால் பணம் கேட்பது போலவே இருக்காது. கடைசியில் இரு பக்கமும் எழுதி நேர் செய்துகொள்ளலாம்.

குருக்களிடம் பேசும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள், அதில் எதெல்லாம் அடக்கம் என்று கேளுங்கள். கலசங்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தொகை மாறும். ஹோம சாமான், மாலை, வஸ்திரம், மேளம், மாங்கல்யம் இதில் எது உங்கள் பொறுப்பு? கோயில் ரசீது தனியா? போட்டோ யாருடையது? வாயால் பேசி முடித்துவிட்டு, காலையில் மணையில் உட்கார்ந்தபின் ஒவ்வொன்றாகக் கேட்டால் அங்கே யாரும் பேரம் பேச முடியாது. பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அறையைப் புரட்டாசியிலேயே பிடித்துவிடுங்கள். முகூர்த்த நாளில் அங்கே அறை கிடைப்பது பெரும்பாடு.

அடுத்தது சீர். நீங்கள் எழுதியிருப்பது ஒரு பவுன் சங்கிலி, கம்மல், துணி, தட்டு. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியும் கம்மலும்தான் முறை, சங்கிலி உங்கள் ஆசை. 2 கிராமில் திருகு வைத்த, கல் இல்லாத கம்மல் எடுங்கள். கல் வைத்தால் கல்லுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள், நாளைக்கு மாற்றப் போனால் அதைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். குழந்தை தலையணையில் புரளும்போது காதில் உறுத்துவதும் அதுதான். கம்மல், குழந்தைக்கும் தங்கை, மாப்பிள்ளைக்கும் துணி, தட்டு வரிசை எல்லாம் சேர்த்து 75,000-க்குள் நிறுத்துங்கள்.

சங்கிலி போட்டே ஆக வேண்டும் என்றால், போடாமல் கிடக்கும் பழைய நகையை மாற்றலாம். ஆனால் அதுவும் இலவசம் இல்லை. 8 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 0.96 கிராம், கிட்டத்தட்ட ஒரு கிராம் தங்கம் அங்கேயே போய்விடும். பழைய நகை 916 இல்லாவிட்டால் தரத்துக்கும் கழிப்பார்கள். புது நகையின் விலைமேல் 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. மெஷின் சங்கிலிக்குச் சேதாரம் குறைவு, இரண்டு கடையில் சதவீதத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள். எதை எடுத்தாலும் ஹெச்யுஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட ஹால்மார்க் குறியீடு, இருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

கொழுந்தியா கல்யாணத்துக்கு 1,35,000 எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் மொய் நோட்டை எடுங்கள். உங்கள் கல்யாணத்திலும் வளைகாப்பிலும் மாமனார் வீட்டுச் செய்முறை என்ன, மற்ற மாப்பிள்ளைகள் இப்போது என்ன செய்யப் போகிறார்கள் என்று மனைவியை விட்டு விசாரியுங்கள். பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்கு மோதிரம், மொய்ப்பணம் என்று மூன்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. மோதிரம் மட்டும், அல்லது புடவையும் மொய்யும். 70,000-க்குள் கௌரவமாக முடியும்.

மலைக்கு 18,000 போதும். கன்னி பூஜை என்றாலே தெருவுக்கே அன்னதானம் என்று ஆகிவிட்டது. குழுவில் இன்னும் இரண்டு கன்னிசாமிகள் இருந்தால் குருசாமியிடம் சொல்லி ஒரே பூஜையாக, கோயிலிலேயே கட்டு நிறைத்துக்கொள்ளலாம். தரிசனத்துக்கு ஆன்லைன் முன்பதிவு நாளைப் பார்த்துவிட்டு வண்டி பேசுங்கள், தலைகீழாகச் செய்தால் வண்டி அட்வான்ஸ் போகும். தீபாவளிக்கு 25,000. அந்த மாதமே அறுபதாம் கல்யாணமும் வருவதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை துணி எடுங்கள்.

ஆக மொத்தம் 75,000, 60,000, 25,000, 18,000, 70,000 சேர்ந்து 2,48,000. இனிப் பணம் எங்கிருந்து என்று பார்ப்போம். டெபாசிட்டில் 60,000 மட்டும் எடுங்கள். மீதி 1,80,000 என்பது உங்களுக்கு மூன்று மாதச் செலவுக்குச் சற்றுக் குறைவு, அதைத் தொடவே கூடாது. முழுத் தொகையும் ஒரே ரசீதாக இருந்தால் வங்கி பகுதியாக எடுக்க விடுமா என்று கேளுங்கள். விடாவிட்டால் முறித்து, 1,80,000-ஐ 60,000 வீதம் மூன்று ரசீதாகப் போடுங்கள். முன்கூட்டி முறித்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அது பரவாயில்லை.

ஆடி, ஆவணி மாதங்களில் மிஞ்சும் 26,000, டெபாசிட் 60,000 சேர்ந்து 86,000. சீர் போக 11,000. புரட்டாசியில் 24,000 ஆகும், அதில் அறை அட்வான்ஸ் கொடுங்கள். ஐப்பசியில் 13,000-மும் போனஸும் சேர்ந்தால் 87,000. அறுபதாம் கல்யாணமும் தீபாவளியும் 85,000. மீதி 2,000. கார்த்திகை, மார்கழியில் 26,000 சேரும், மலைக்கு 18,000 போக 10,000 நிற்கும். தை மாத மிச்சத்தைச் சேர்க்காமல் பார்த்தால், தையில் மட்டும் 60,000 குறையும்.

அந்த 60,000-க்கு நகைக்கடன். 10 சதவீத வட்டியில் மாதம் 13,000 வீதம் கட்டினால் ஐந்தாவது மாதம் முடிந்துவிடும், மொத்த வட்டி 1,450 ரூபாய்க்குப் பக்கம். பர்சனல் லோனின் 1,24,650-ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வீட்டில் காட்டுங்கள். ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை: இடையிடையே அசலைக் கட்ட அனுமதிக்கும் கடனாக இருக்க வேண்டும். வருடக் கடைசியில் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் கடனை வாங்கிவிட்டு, நாள் வந்ததும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பவர்களின் நகைதான் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடக்கிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தருகிறார்கள் என்பதற்காக மேலே வாங்காதீர்கள். 60,000-க்குத் தேவையான நகையை மட்டும் கொண்டுபோங்கள், தாலிக்கொடியை எடுக்க வேண்டாம். கல் எடை கழித்த நிகர எடை, தரம், ஒவ்வொரு உருப்படியின் பெயர் மூன்றும் ரசீதில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

எங்கே உதைக்கும் என்றால், போனஸ் தள்ளிப்போகும் இடத்தில்தான். அப்படியானால் நகைக்கடனை ஐப்பசியிலேயே எடுத்து, போனஸ் வந்ததும் அடைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டைத் தேய்த்துக் குறைந்தபட்சத் தொகை கட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம். ஏலச்சீட்டை முதலிலேயே எடுக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். லட்ச ரூபாய்ச் சீட்டில் 25,000 தள்ளிக் கையில் 75,000 வாங்குவது நகைக்கடனைவிடப் பலமடங்கு செலவு.

வரும் மொய்யை எந்த வரியிலும் வரவாகச் சேர்க்கவில்லை, கவனித்திருப்பீர்கள். மொய் வட்டியில்லாக் கடன், பதில் மொய் தேடி வரும். இன்னொன்று, கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்குத்தான் வருமான வரி விலக்கு. அறுபதாம் கல்யாணத்தையும் காதுகுத்தையும் அதில் சேர்த்து நினைக்காதீர்கள். உடன்பிறந்தவர்கள் போன்ற சட்டம் சொல்லும் உறவினர் தருவதற்கு வரி இல்லை. நண்பர்கள், சக ஊழியர்கள் போன்றோர் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் தருவது மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானத்தில் சேரும். மொய் நோட்டில் உறவு, நட்பு என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால், சங்கிலி, மோதிரம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை எடுங்கள், அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம், அது இன்றே ஓடத் தொடங்கட்டும்.

தையில் வாங்கும் நகைக்கடன் கணக்குப்படி ஆனியில் முடியும். பள்ளிக் கட்டணத்தை மாதச் சராசரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஜூனில் மொத்தமாகக் கட்ட வேண்டியிருந்து, அதற்கென்று தனியாக எடுத்து வைக்கவில்லை என்றால் ஒரு தவணை ஆடிக்குத் தள்ளும். அப்போதும் கூடுதல் வட்டி இருநூறு ரூபாயைத் தாண்டாது.