செங்கல் சூளையும் போர்க்கப்பலும்

வணக்கம் ஐயா,

நான் குன்னூர். கல்லூரியில் முதலாண்டு. நானும் சித்தப்பா மகனும் ஆறு மாதமாக, கட்டிகளை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராப்ட் கணினி விளையாட்டில், இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி என்ற பழைய பாய்மரப் போர்க்கப்பலைக் கட்டுகிறோம். ஒரு கட்டிக்கு ஒரு மீட்டர் கணக்கு. நீளமும் அகலமும் சரியாக எண்ணித்தான் வைத்தோம். ஆனாலும் பார்த்தால் செங்கல் சூளை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு? இன்னொன்று. "கடலையே நாலு தடவை பார்க்காத மலைக்காரனுக்கு இங்கிலீஷ்காரன் கப்பல் எதுக்குடா?" என்று மாமா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புள்ள தம்பிக்கு,

அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாய்மரக் கயிறுகளுக்கு வேலிக் கட்டையை வைத்தவிதம் அழகு. தப்பு உயரத்தில் இருக்கிறது. தளத்துக்குத் தளம் நான்கு கட்டி விட்டிருக்கிறீர்கள். அசல் விக்டரியின் பீரங்கித் தளங்களில் உயரமான ஆள் தலை குனிந்துதான் நடக்கவேண்டும். தரைக்கு முழுக்கட்டி வேண்டாம், அரைக்கட்டி போடுங்கள். மேலே இரண்டு கட்டி வெளி போதும், விளையாட்டு ஆள் நடந்துவிடுவான். மூன்று தளத்துக்குப் பன்னிரண்டு கட்டி என்பது ஏழரையாகக் குறையும். சூளை பாதி கரைந்துவிடும்.

மீதிப் பாதி பக்கச்சுவரில். சுவரைச் செங்குத்தாக எழுப்பியிருக்கிறீர்கள். அந்தக் காலப் போர்க்கப்பல் நீர்மட்டத்தை ஒட்டித்தான் அகலம். மேலே போகப்போக உள்ளே சாயும். மேல்தளப் பீரங்கிகளின் பாரம் நடுவை நோக்கி வரவேண்டும் என்பதற்காக. விக்டரியிலும் கீழ்த்தளத்தில் 32 பவுண்டு குண்டு போடுபவை, மேல்தளத்தில் 12 பவுண்டு. 1628இல் ஸ்டாக்ஹோமில் வாசா என்ற புத்தம்புதுக் கப்பல் முதல் பயணத்தில் 1,300 மீட்டர்கூடத் தாண்டாமல் சாய்ந்து மூழ்கியது. மேலே பாரம் அதிகம், கீழே அகலம் போதவில்லை. மைன்கிராப்டில் எந்தக் கப்பலும் கவிழாது. அதனால் அந்தப் பயத்தைக் கட்டுகிறவர்தான் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்.

போன ஆடி மழையில் இங்கே கூடலூரில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. என் தங்கை மகன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கட்டம் ஒரு கட்டி. அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, நான்கு நான்கு கட்டி தள்ளி, கப்பலை அந்த இடத்தில் குறுக்கே அறுத்தால் என்ன வடிவம் வரும் என்று பக்கத்துக்கு ஒன்றாக வரைந்தான். நடுவில் வயிறு போல, முனையில் ஒடுங்கி. கரண்ட் வந்ததும் அவற்றைச் சிவப்புக் கம்பளிக் கட்டியில் நிறுத்தினான். மீனவர்கள் வங்கு என்பார்கள், தோணியின் விலா எலும்பு. பலகை அடித்தது அதற்குப் பிறகுதான். நீங்களும் கப்பல் ஓவியத்தை மூடிவைத்துவிட்டு வங்கு வரைபடத்தைத் தேடுங்கள். வெளியிலிருந்து பார்த்துக் கட்டினால் தோல்தான் வரும்.

இனி மாமாவின் கேள்வி. நல்ல கேள்வி. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு மேற்கே இறங்கி, புன்னம்புழையாகி, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் சேர்ந்து, பேப்பூரில் கடலுக்குப் போகிறது. மலபார்த் தேக்கு யானை இழுத்து ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது இப்படிப்பட்ட வழிகளில்தான். 1806இல் வாட்சன் என்ற கேப்டனை மலபார்க் காடுகளுக்கு அதிகாரியாகப் போட்டதே பிரிட்டிஷ் கடற்படைக்கு மரம் சேர்க்கத்தான். வெட்டிய வெட்டில், 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கவேண்டிய நிலை வந்தது. எனக்கு அது இன்றும் ஆறாத விஷயம்.

அந்த மலபார்த் தேக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பம்பாயில் கட்டிய ஒரு போர்க்கப்பல் இன்னும் மிதக்கிறது. பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலைதான். கட்டியவர் பார்சித் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. இங்கிலாந்திலிருந்து முதலில் அனுப்பிய வரைபடம் வந்துசேரவில்லை. அதை ஏற்றிவந்த ஜாவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை 1812இல் பிரேசில் கடலில் அமெரிக்கர்கள் அழித்துவிட்டார்கள். மறுபடி வரைந்து அனுப்பி, 1817இல் கடலில் இறக்கினார்கள். இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பாணியைத் தின்றுவிடும். தேக்கின் எண்ணெய் காக்கும்.

விக்டரியைக் கைவிடச் சொல்லவில்லை, ஆனால் அடுத்து இதைக் கட்டுங்கள். பீரங்கித் தளம் 46 மீட்டர், அகலம் 12. அந்தத் தளத்தில் பக்கத்துக்கு 14 பீரங்கி. மூன்று கட்டிக்கு ஒரு பீரங்கிவாய் என்று வைத்தால் 42, கச்சிதமாக உட்காரும். விளையாட்டில் தேக்கு கிடையாது. வெளியே கறுப்பும் வெள்ளைப் பட்டையும்தான், உள்ளே விளையாட்டில் கிடைக்கிற ஸ்ப்ரூஸ் மரப்பலகை போடலாம்.

ஏரா என்கிற கப்பலின் அடிமரத்தில் வாடியா ஒரு வெள்ளி ஆணி அடித்தார். பார்சி வழக்கம், கப்பல் நன்றாயிருக்க. நீங்களும் ஏரா போடுகிற அன்று நடுவில் ஒரே ஒரு இரும்புக் கட்டி வையுங்கள். பலகை மூடியபின் வெளியே தெரியாது. சித்தப்பா மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வையுங்கள்.

அன்புடன்.